ஏவுகணைக் கிடங்கில் பம்பு செட்

மாமா வந்து அன்றோடு நாற்பது நாள். என் மனைவியின் அப்பா. மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு டீசல் எஞ்சின் பார்த்தவர். முப்பத்தைந்து வருடம் கிரீஸிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறிய கை. அந்தக் கையை வைத்துக்கொண்டு கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் அபார்ட்மெண்டில் மனிதர் என்னதான் செய்வார்? முதல் வாரம் சமையலறைக் குழாயைக் கழற்றி வாஷர் மாற்றினார். இரண்டாம் வாரம் பாத்திரம் கழுவும் மெஷினைப் பிரித்துப் பார்க்கட்டுமா என்றார். கெஞ்சித் தடுத்தோம். அதற்கப்புறம் பால்கனி நாற்காலிதான்.

கோல்டன் கேட் பாலத்தைக் கூட்டிப்போய்க் காட்டியாகிவிட்டது. "இது தொறக்காதா மாப்ள?" என்று கேட்டார். கப்பலுக்கு வழிவிட்டுப் பாம்பன் பாலம் திறப்பதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, திறக்காத பாலம் எத்தனை சிவப்பாக இருந்தாலும் வெறும் பாலம்தான். செல்ஃபிக்கு நின்றுவிட்டு, கீழே போன படகின் புகையைப் பார்த்து "இன்ஜெக்டர் போயிருச்சு" என்றார்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை அவரை மாரின் ஹெட்லேண்ட்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாலத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்த மலைத்தொடர். உள்ளே போக ராணுவம் வெட்டிய பழைய சுரங்கப்பாதை ஒன்று இருக்கிறது. ஒரு வரிசை வண்டிதான் போகலாம். எதிர்ப்பக்கத்து வண்டிகள் வந்து முடியும்வரை ஐந்து நிமிடம் சிக்னலில் நிற்க வேண்டும். "நம்ம ரயில்வே கேட்டு" என்று மாமா வந்த நாளிலிருந்து முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

சுரங்கத்தைத் தாண்டியதும் வெயில் காணாமல் போய்ப் பனிமூட்டம். காய்ந்த புல், வளைந்து இறங்கும் சாலை, மலையைக் குடைந்து செய்த கான்கிரீட் வாய்கள். அத்தனையும் பீரங்கி மேடைகள். டவுன்ஸ்லி என்ற மேடையில் 16 அங்குல வாய் கொண்ட இரண்டு பீரங்கிகள் இருந்தன. ஒரு குண்டு கிட்டத்தட்ட ஒரு டன். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் கப்பல் வரும் என்று காத்திருந்தார்கள். வரவே இல்லை. போர் முடிந்ததும் பீரங்கிகளை இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு, அடுத்து சோவியத் விமானம் வரும் என்று காத்திருந்தார்கள். அதுவும் வரவில்லை.

இந்த இரண்டாவது காத்திருப்பின் மிச்சம்தான் நாங்கள் போன இடம். 1950-களில் அமெரிக்கா தன் பெரிய நகரங்களைச் சுற்றி நைக்கி என்ற ஏவுகணைத் தளங்களைக் கட்டியது. செருப்புக் கம்பெனி பிறப்பதற்கு முந்தைய நைக்கி. முதலில் அஜாக்ஸ், பிறகு அணுகுண்டு சுமக்கக்கூடிய ஹெர்குலிஸ். பன்னிரண்டு மீட்டருக்கு மேல் நீளம். தரைக்கடியில் கான்கிரீட் அறை கட்டி, ஏவுகணைகளைப் படுக்கைவாக்கில் வைத்திருப்பார்கள். உத்தரவு வந்தால் லிஃப்டில் மேலே ஏற்றி நிமிர்த்த வேண்டும். சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றி இருந்த தளங்களில் இரண்டு இந்த மலைகளில் அடுத்தடுத்து இருந்தன. 88-ஆம் எண் தளத்தை அப்படியே பழுது பார்த்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 87-ஆம் எண் தளத்தில் கடல் சிங்கங்கள் இருக்கின்றன.

விமானத்தைச் சுட ஏவுகணை வைத்துக் காத்திருக்கும்போது, எதிரி விமானத்தை விட்டுவிட்டுக் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைக்கு மாறிவிட்டான். நைக்கி பழங்கதை ஆனது. 1970-களின் தொடக்கத்தில் தளங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1975-ல் லாயிட் ஸ்மாலி, பாட் அரிகோனி, பால் மேக்ஸ்வெல் என்ற மூன்று பேர், கரையில் அடிபட்டு ஒதுங்கும் சீல், கடல் சிங்கம் போன்ற கடல் பாலூட்டிகளுக்கு வைத்தியம் பார்க்க இங்கே ஒரு மூலையைப் பிடித்தார்கள். குழந்தைகள் குளிக்கும் பிளாஸ்டிக் தொட்டியும் குளியல் தொட்டியும்தான் முதல் உபகரணங்கள். அதுதான் இன்றைய மரைன் மேமல் சென்டர். 2009-ல் 3 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புதிதாகக் கட்டினார்கள். இதுவரை 20 ஆயிரத்துக்கும் அதிகமான பிராணிகள் வந்து போயிருக்கின்றன.

உள்ளே நுழைவதற்கு முன்பே சத்தம் கேட்டது. தெருநாய்க்கு மார்ச்சளி பிடித்தால் எப்படிக் குரைக்கும், அப்படி. அப்புறம் வாடை. மாமா மூக்கை உயர்த்தி, கண்ணை மூடி, "ஆ" என்றார். நாற்பது நாளாக அவருக்கு வேண்டியிருந்தது இந்த மீன் கவிச்சிதான் என்பது எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று தெரியவில்லை. மீன் அறையில் ஹெர்ரிங் மீனை வாளி வாளியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நம் சாளைக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருக்கும். பல் முளைத்தும் மீன் பிடிக்கத் தெரியாத குட்டிகளுக்கு அதையே அரைத்துக் கூழாக்கிக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விடுகிறார்கள். இந்த வேலையை எல்லாம் செய்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஓய்வு பெற்ற வக்கீல், கல்லூரி மாணவி, எங்கள் ஆபீஸில் முன்பு இருந்த ஒருவர். சீல்களைத் தள்ளிக்கொண்டு போகக் கையில் ஆளுயரத்தில் பாதிக்கு ஒரு பலகை.

மேலே நின்று பார்த்தால் வரிசையாகக் கம்பிவேலிக் கொட்டடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு குளம். குளத்து நீர் தெளிவாக இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. மாமா அதைத்தான் கவனித்தார்.

"எத்தனை உருப்படி கெடக்கு? பீ மூத்திரம் எல்லாம் இதுக்குள்ளதானே? தண்ணி எப்படி மாப்ள கண்ணாடியா இருக்கு?"

வழிகாட்டியாக வந்த பெண்ணிடம் கேட்டேன். அவர் காலால் தரையைத் தட்டிக் காட்டினார். இதற்குக் கீழேதான் ஏவுகணைக் கிடங்கு. இப்போது அங்கே தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. குளத்து நீர் கீழே இறங்கி, வடிகட்டப்பட்டு, மறுபடி மேலே வருகிறது.

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் மாமாவின் முகம் மாறிவிட்டது. அணுகுண்டு பற்றி நான் சுரங்கப்பாதையிலிருந்து சொல்லிக்கொண்டு வந்ததற்கெல்லாம் "ம்" மட்டும் கொட்டியவர், இப்போது கேள்வியாகக் கேட்டார். பம்பு எத்தனை ஹெச்பி? மண் ஃபில்டரா? பேக்வாஷ் எத்தனை நாளைக்கு ஒருக்க? உப்புக்கு இம்பெல்லர் அரிக்குமே, வெங்கலமா பிளாஸ்டிக்கா? அந்தப் பெண் பாதிக்கு மேல் தெரியாது என்று சிரித்தார். கீழே பார்க்க முடியுமா என்றதற்கு, பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்றார். மாமா கதவு வரை போய்க் காது வைத்துக் கேட்டுவிட்டு வந்தார். "ஓடுது" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அந்தக் குழிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. தண்ணீர்த் தொட்டியின் பாரத்தைத் தாங்க உறுதியான தரை வேண்டும், சத்தம் வெளியே வரக் கூடாது, மேலேயிருந்து நீர் தானாக இறங்க வேண்டும். ராணுவம் வேறு எதற்கோ கட்டியது இதற்கு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. அன்பு வெறுப்பை வென்றது என்கிற ரீதியில் எழுத எனக்குக் கை வரவில்லை. கான்கிரீட் சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது கொட்டடியில் ஒரு பெண் கடல் சிங்கம் குளத்துக்குள் இறங்காமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. கழுத்தைப் பின்னால் சாய்த்து, மூக்கு வானத்தைப் பார்க்க, தலையை இடமும் வலமுமாக ஆட்டியபடியே இருந்தது. நிறுத்தவில்லை. பத்து நிமிடம் நின்று பார்த்தோம். "சாமி வந்த மாதிரி ஆடுது" என்றார் மாமா. அது வலிப்பின் ஒரு வகை. டோமோயிக் அமிலம் என்ற நஞ்சு மூளையில் ஞாபகம் இருக்கும் பகுதியை அரித்துவிடுகிறது. சூடோ-நிட்சியா என்ற நுண்பாசி சில பருவங்களில் கடலில் மண்டிப்போகும். அந்தப் பாசியைத் தின்று வாழ்வது நெத்திலி. நெத்திலிக்கு ஒன்றும் ஆவதில்லை. அதைக் கிலோக்கணக்கில் விழுங்கும் கடல் சிங்கத்துக்குத்தான் ஆபத்து.

1998 மே, ஜூன் மாதங்களில் மத்திய கலிபோர்னியக் கரையில் 400-க்கும் மேற்பட்ட கடல் சிங்கங்கள் செத்தன. இங்கே கொண்டுவரப்பட்டவற்றின் ரத்தத்தையும் சிறுநீரையும் வைத்துத்தான், பாசியிலிருந்து நெத்திலிக்கும் நெத்திலியிலிருந்து கடல் சிங்கத்துக்கும் போன நஞ்சின் பாதை பிடிபட்டது. கடல் பாலூட்டிகளில் இந்த நஞ்சு உறுதியானது அதுதான் முதல் தடவை. வைத்தியசாலை ஆராய்ச்சிசாலையாகவும் இருப்பதன் லாபம் இதுதான். வந்த உயிரைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் அது எதனால் செத்தது என்று அறுத்துப் பார்த்துவிடுகிறார்கள். அப்படி அறுத்துப் பார்த்ததில் வளர்ந்த கடல் சிங்கங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. ஒரு ஹெர்பிஸ் வைரஸும், பல பத்தாண்டுகளுக்கு முன் கடலில் கலந்த டிடிடி போன்ற நஞ்சுகளும் கைகோத்துச் செய்கிற வேலை.

"நெத்திலியிலயா?" என்று மாமா மூன்று தடவை கேட்டார். கடையில் விற்கும் நெத்திலியைச் சோதிக்கிறார்கள், பயப்பட வேண்டாம் என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

அவருக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. துப்பாக்கிக் காயத்தோடு வரும் கடல் சிங்கங்களைப் பற்றிச் சுவரில் எழுதியிருந்தது. யார் சுடுவது என்றார். மீன்பிடிப்பவர்களும் இருக்கலாம், வலையில் விழுந்த மீனை இது தின்றுவிட்டுப் போகிறதல்லவா என்றேன். "அப்ப அவன் கோவம் ஞாயம்தானே? டீசல் யாரு போட்டா?" என்றார். அப்புறம் அந்த ஆடும் தலையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "சுடப்படாது, ஆனாலும்" என்று நிறுத்திக்கொண்டார். இந்த "ஆனாலும்" லேசுப்பட்டதல்ல. 1972-ல் கடல் பாலூட்டிகளைக் காக்கச் சட்டம் வந்தது. 1975-ல் 90 ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த கலிபோர்னியக் கடல் சிங்கம் 2012-ல் 3 லட்சத்தைத் தொட்டது. சட்டம் ஜெயித்துவிட்டது, மீனவனின் கணக்கு இடிக்கிறது. இரண்டும் உண்மை.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். கீழே ரோடியோ கடற்கரை, எதிரே ஒரு வீடுகூட இல்லாத மலை. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல் பார்த்த மலை இப்படிச் சும்மா கிடப்பது எப்படி என்று யாருக்கும் தோன்றும். அதற்கும் ராணுவம்தான் பாதிக் காரணம். பட்டாளம் நூறு வருடத்துக்கும் மேலாக வேலி போட்டுப் பிடித்து வைத்திருந்ததால் வீடு வரவில்லை. தளங்களுக்கு இடையே தனியார் நிலம் கொஞ்சம் இருந்தது. 1960-களில் அதில் மாரின்செல்லோ என்று 30 ஆயிரம் பேருக்கு ஒரு நகரமே கட்டத் திட்டம் போட்டார்கள். ஊர்க்காரர்கள் வழக்கு, போராட்டம் என்று இறங்கி அதை முடக்கினார்கள். 1972-ல் எல்லாம் சேர்ந்து தேசியப் பொழுதுபோக்குப் பகுதி ஆனது. துப்பாக்கியோடு நின்றவனைத் தாண்டி ரியல் எஸ்டேட்காரன் உள்ளே வர முடியவில்லை.

"நம்ம கேம்ப் மாதிரிதான்" என்றார் மாமா, கையைக் கழுவிக்கொண்டே.

மண்டபம் கேம்ப். ரயில் நிலையத்துக்கே அதுதான் பெயர். பட்டாளத்துக் கேம்ப் இல்லை அது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை நோய் இருக்கிறதா என்று அடைத்து வைத்துப் பார்த்து, தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்குக் கப்பலேற்ற இலங்கை அரசு நடத்திய முகாம். அந்தப் போக்குவரத்து ஓய்ந்த பிறகு, 1949-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அங்கே வந்தது. 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை இந்தியாவின் கடல் மீன் ஆராய்ச்சிக்கு அதுதான் தலைவாசல். பிற்பாடு, எந்தக் கரைக்கு ஆட்களை அனுப்பினார்களோ அந்தக் கரையிலிருந்து அகதிகளாக வந்தவர்களும் அதே பெயருள்ள இடத்தில்தான் தங்கவைக்கப்பட்டார்கள். மாமா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆராய்ச்சிக்காரர்கள் ஆவுளியாவைத் தொட்டியில் வைத்திருந்ததை வேலி வழியாகப் பார்த்திருக்கிறாராம். "கடல்பசு கண்ணுல தண்ணி வந்துச்சு மாப்ள. அழுவுதுன்னு நெனைச்சேன். அது சும்மாவே வருமாம்."

திரும்பும் வழியில் டிபுரானுக்கு வண்டியைத் திருப்பினேன். அவருக்குக் காட்ட அங்கே ஒரு விஷயம் இருந்தது.

பேரடைஸ் டிரைவ் என்ற வளைந்த சாலையில், குடாக் கடலை ஒட்டி ஒரு வளாகம். அதன் பூர்வீகத்தைச் சொன்னால் ஒரு ஆள் ஜாதகம் மாதிரி இருக்கும். 1870-களில் காட் மீனைக் காயவைக்கும் கருவாட்டுக் கொட்டகை. 1904-ல் கடற்படை வாங்கிக் கப்பல்களுக்குக் கரி ஏற்றும் துறையாக்கியது. உலகைச் சுற்றிக் காட்டிவிட்டு வரும்படி தியோடர் ரூஸ்வெல்ட் அனுப்பிய வெள்ளை நிறப் போர்க்கப்பல் அணி 1908-ல் இங்கே கரி எடுத்தது. 1930-களில் மாலுமிப் பள்ளிக்கூடம். கோல்டன் கேட் பாலத்தின் வடத்துக்கான கம்பிகளைச் சுருட்டியதும் இங்கேதான். 1940-ல் கடற்படை திரும்ப வந்து, வலை பின்னத் தொடங்கியது.

"வலையா?"

"ஆமா மாமா. நீர்மூழ்கிக் கப்பல் உள்ளே வராம இருக்க."

மாமா வண்டியின் ஜன்னலை இறக்கினார். எஃகுக் கம்பி வடத்தில் முடிச்சுப்போட்ட வலை. ஆயிரக்கணக்கான டன். மிதவையில் தொங்கவிட்டு, சான் பிரான்சிஸ்கோ கரையிலிருந்து சாசலிட்டோ பக்கம் வரை குடாவின் வாயை அடைத்தார்கள். நம் கப்பல் வந்தால் ஒரு படகு வலையின் கதவை இழுத்துத் திறந்து, கப்பல் போனதும் மூடும். "கண்ணி எத்தனை அங்குலம்?" என்றார். தெரியவில்லை. "மாட்டுச்சா?" எதுவும் மாட்டவில்லை.

1958-ல் வலைக் கிடங்கை மூடினார்கள். மத்திய அரசின் மீன் ஆய்வகம் கொஞ்ச காலம் இருந்தது. 1970-களின் பிற்பகுதியில் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. சில வருடங்களுக்கு முன், பொதுமக்களைச் சுற்றிப் பார்க்கவிட்ட ஒரு நாளில் உள்ளே போயிருக்கிறேன். துருப்பிடித்த தூண்கள், கடற்படைக் காலத்துக் கட்டடங்கள், அவற்றுக்கு நடுவே குடாவின் நீரை உறிஞ்சி வரும் தொட்டிகளில் கடல் தாழை என்ற கடற்புல். அங்கே பணியாற்றிய கேத்தரின் பாயரின் குழு தாழையைத் திரும்ப வளர்ப்பதில் பேர் போனது. அவர்களின் ஒரு உத்தி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பூத்து விதை பிடித்த தாழைக் கொத்துகளை வலைப்பையில் போட்டு மிதவையில் கட்டி விட்டுவிடுவார்கள். அலையில் ஆடி ஆடி விதை முற்றி, தானாகக் கீழே உதிரும். மிதவையில் தொங்கும் வலை. அந்த வளாகத்துக்குப் பழக்கமான வேலைதான்.

இன்னொன்று, அங்கே நடந்த சண்டை. நல்ல மாதிரியான சண்டை. குடாவின் வடக்குப் பகுதியில் உரச்சத்து ஏராளம், ஆனால் மீனுக்கு அடிப்படையான மிதவைப் பாசி வளரமாட்டேன் என்றது. ஏன்? கழிவுநீரிலிருந்து வரும் அம்மோனியம் இருந்தால் பாசி நைட்ரேட்டைத் தொடாது, அதனால்தான் பெருகவில்லை என்றது ரிச்சர்ட் டக்டேல், பிரான்சிஸ் வில்கர்சன் தரப்பு. 1986-ல் கப்பல்கள் ஆடாமலிருக்க அடியில் நிரப்பிவரும் தண்ணீரோடு ஆசியாவிலிருந்து வந்திறங்கிய ஒரு சின்னச் சிப்பி பாசியை வடிகட்டித் தின்றுவிடுவதை அளந்து காட்டியவர்களில் ஒருவர் விம் கிம்மரர். இரண்டு தரப்பும் ஒரே வளாகத்தில். காபி ஒரே இடத்தில்தான் குடித்திருப்பார்கள். இதற்கிடையில் சாக்ரமென்டோவின் கழிவுநீர் நிலையம் பெருஞ்செலவில் அம்மோனியத்தை நீக்கும் வசதியைக் கட்டியும் முடித்துவிட்டது.

நாங்கள் போன அன்று கேட் பூட்டியிருந்தது. 2025 தொடக்கத்தில், பணமில்லை, இந்த வளாகத்தை இனி நடத்த முடியாது என்று பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. கடற்சுவர் பழசு, கட்டடங்கள் பழசு, சீர்செய்யக் கோடிகள் வேண்டும். வலைக்கு அன்று யாரும் கணக்குக் கேட்டிருக்க மாட்டார்கள். போர் முடிந்தது, வலையின் வேலையும் முடிந்தது, மூடினார்கள். தாழையின் வேலை முடிந்துவிட்டதா என்ன? அந்த மலைமேல் இருக்கும் சீல் ஆஸ்பத்திரிக்குக் குட்டிகளின் கண் இருக்கிறது, படம் எடுத்துப் போட்டால் நன்கொடை வருகிறது. பாசிக்கும் தாழைக்கும் கண் கிடையாது.

இதையெல்லாம் நான் கொஞ்சம் சூடாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, கம்பி இடுக்கில் முகத்தை வைத்து, தூரத்துக் கரிமேடையையும் அதன்மேல் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்த நீர்க்காகத்தையும் பார்த்தார்.

ரிச்மண்ட் பாலம் ஏறும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்.

"தொட்டிக்குத் தண்ணி ஏத்துற பம்பு, டீசலா கரண்டா?"

"கரண்டாத்தான் இருக்கும் மாமா."

"கரண்டுன்னா ஆஃப் பண்றது லேசு" என்றார். "டீசல்னா ஒருத்தன் எறங்கிப் போயித்தான் நிறுத்தணும்."